வலையில் வந்தவன்

— எந்தச் சட்டையை எடுத்துக்கிட்டுப் போனீங்க, பிரயூன் அண்ணே? அதை மட்டும் சொல்லுங்க.

— சொல்றேன் தம்பி. முதல்ல உங்களைப் புரட்டிப் போட்டுக்கிறேன். ரெண்டு மணி நேரமா ஒரே பக்கம் கெடக்குறீங்க. முதுகுல புண்ணு வந்தா உங்க அப்பா என்னைத்தான் கேப்பாரு. கையை என் தோள்ல போடுங்க. ஆங், அவ்வளவுதான்.

— பிட்சு ஜெபிச்சுக் கொடுத்த கயிறுன்னு சொல்லிக் கட்டினீங்க. மூணு நாளைக்கு அவுக்கக் கூடாதுன்னீங்க. இப்ப என்னடான்னா, என் கார் கவிழ்ந்த இடத்துக்கே போயிட்டு வந்தேன்கிறீங்க.

— போனேன். லீவு நாள்ல நான் எங்க போனா என்ன? பக் சோங் தாண்டி, மலை இறங்குற அந்த வளைவுக்குத்தான் போனேன். எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தன் மரத்துலேர்ந்து விழுந்தாலும் சரி, வண்டியிலேர்ந்து விழுந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது உடம்பை மட்டும்தான். பயந்து ஓடின உசிரு அங்கயே முழிச்சுக்கிட்டு நிக்கும். யாராச்சும் மீன் அள்ளுற வலையைக் கொண்டுபோய் அதை அள்ளிக்கிட்டு வரணும். உங்களுக்கு யாரு போனா? உங்க அப்பா ஸ்கேன் எடுத்தாரு, சிங்கப்பூர் டாக்டரை வரவழைச்சாரு. வலை எடுத்துக்கிட்டு ஒருத்தரும் போகலை. பதினாலு மாசமாச்சு.

— சரி, அப்புறம்?

— கேலியா இருக்கா? இருக்கட்டும். வலைக்குள்ள ஒட்டரிசிச் சோத்துல ஒரு உருண்டை, அவிச்ச முட்டை ஒண்ணு, வாழைப்பழம், உங்க சட்டை. ரோட்டோரப் புல்லுல மூணு தடவை அள்ளினேன். 'வாங்க தம்பி, வீட்டுக்குப் போவோம், இங்க வெயிலும் மழையுமா எதுக்கு நிக்கிறீங்க, வீட்டுல மெத்தை இருக்கு'ன்னு கூப்பிட்டேன். லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்தி, ரோட்டுல என்னய்யா மீனுன்னு கேட்டான். தெக்கத்திக்காரனா இருக்கணும், பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

— உசிரு வந்ததா?

— முட்டையை உரிச்சுப் பாத்தேனே. ஒரு பள்ளம் இல்லை, கீறல் இல்லை, வழுவழுன்னு இருந்துச்சு. அப்படி இருந்தா வந்துருச்சுன்னு அர்த்தம். வலை வாயைக் கட்டி பஸ்ல மடியில வச்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டுல யாரையும் உக்கார விடலை. ஒரு பொம்பளை சண்டைக்கு வந்துட்டா. ஆள் இருக்குன்னேன். எங்கடான்னா. வலையைக் காட்டினேன். எங்க ஊர்க்காரி போல, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் பின்னாடி போயி நின்னுக்கிட்டா.

— அண்ணே, சட்டை.

— அது கெடக்கட்டும், கஞ்சி ரெண்டு வாய்—

— சட்டை.

— ஆஸ்பத்திரியில கொடுத்த பை, உங்க பேரு ஒட்டினது, பீரோ மேல கெடந்துச்சே, அதுல இருந்தது. விழுந்தப்ப உடம்புல இருந்த சட்டையாப் பாத்து எடுக்கணும். கறை கூடப் போகலை. கறுப்புச் சட்டை, கழுத்துப் பட்டன் மட்டும் வெள்ளை.

— அது என் சட்டை இல்லை.

— காலங்காத்தால விளையாடாதீங்க தம்பி.

— விளையாடலை. அது சாயனோடது. அன்னிக்குப் பூரா மலையில மழை. நான் தொப்பலா நனைஞ்சுட்டேன். அவன் பையில மாத்துச் சட்டை ஒண்ணு வச்சிருந்தான். கார்ல ஏறினதும் அதை எனக்குக் கொடுத்துட்டு, அவன் ஈரச் சட்டையோடயே உக்காந்திருந்தான்.

— சாயன்னா... செத்துப் போனாரே, அந்தப் பையனா?

— அவனேதான்.

— அட புத்தா.

— அண்ணே, பாத்திரம் சாயுது. வெந்நீர் என் மேல கொட்டப் போகுது. கொட்டினாலும் எனக்குத் தெரியாது, பாத்துக்குங்க.

— உசிருக்குக் கண்ணு கெடையாது தம்பி. அது துணி வாசனையை வச்சுத்தான் வரும். நான் 'வாங்க தம்பி'ன்னுதானே கூப்பிட்டேன், பேரு சொல்லலையே. அங்க நின்னுக்கிட்டிருந்தது யாரோ, அது தன் சட்டை வாசனையைப் புடிச்சு ஏறிக்கிச்சு. வாசல்ல காவல் சாமிக்குச் சிவப்பு சோடா வச்சு, இந்த வீட்டுப் புள்ளை வந்திருக்கு வழி விடுன்னு நானே சொல்லி உள்ள கூட்டிட்டு வந்தேன். கொண்டாந்து உங்க மணிக்கட்டுல கட்டிட்டேன்.

— அதான் மூணு நாளா இடது பக்கம் மெத்தை அமுங்குதா?

— என்ன அமுங்குது?

— யாரோ உக்காந்த மாதிரி. எனக்கு நெஞ்சுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது, ஆனா தலையணை சரியுறது தெரியுமே. முதல்ல பூனைன்னு நினைச்சேன்.

— இந்த வீட்டுல பூனை ஏது? நாயே மூணு நாளா இந்த ரூமுக்குள்ள வரலை. நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். நேத்து மத்தியானம் தூக்கத்துல நீங்க எங்க ஊர்ப் பேச்சு பேசினீங்க. பாங்காக்கு ஆளு பேசிப் பழகுற மாதிரி இல்லை. வயக்காட்டுல பொறந்தவன் பேசுற மாதிரி.

— எனக்கு உங்க ஊர்ப் பேச்சு வராதே. சாயன் பேசுவான், நான் சிரிப்பேன், அவ்வளவுதான்.

— அவரு உங்களுக்கு என்ன, கூடப் படிச்சவரா?

— நான் ஒரு படம் எடுத்துக்கிட்டிருந்தேன்ல, அதுல சத்தம் பதிய வந்தவன். நாலே பேரு சேர்ந்து எடுத்த படம். படம்னா பாட்டு சண்டை எல்லாம் கிடையாது. ஒரு மணி நேரம் யாரும் பேச மாட்டாங்க.

— பேசாத படத்துக்குச் சத்தம் பதிய எதுக்கு ஆளு?

— நானும் அதான் கேட்டேன். மனுஷன் வாயை மூடினாத்தான் மத்தது எல்லாம் பேசும்னு சொன்னான். அதனாலதான் அவனைச் சேத்துக்கிட்டேன்.

— கதை என்ன?

— படுத்த படுக்கையாக் கிடக்கிற ஒருத்தன். அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பாத்துக்கிற ஆளு. அவ்வளவுதான் கதை.

— தம்பி, இப்படியா ஒரு கதைக்கு ஆசைப்படுவீங்க?

— நான் அப்ப நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தேன் அண்ணே. கட்டில்ல கிடக்கிறவனைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பு. சரி, அப்புறம்? தூக்கத்துல நான் என்ன பேசினேன்?

— ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னீங்க. 'மெதுவாப் போ. மெதுவாப் போடா.' அதை விட்டா ஒண்ணும் இல்லை... என்ன தம்பி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க? தண்ணி கொடுக்கட்டா?

— வேண்டாம்.

— காய்ச்சல் இன்னும் விடலை. மூணு நாளா ஒரு கரண்டி கஞ்சி இறங்கலை உங்களுக்கு. இப்பத்தானே காரணம் புரியுது. அடுத்தவன் உசிரை உடம்பு தாங்காது தம்பி. ஒரு வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி, ஒருத்தர் வெளியேறியே ஆகணும். நாளாக நாளாக வந்தவன் போக மாட்டான், நீங்கதான் போவீங்க. இன்னிக்கு மூணாவது நாளு. இன்னிக்குள்ள அவுத்து அனுப்பிடணும்.

— எங்க அனுப்புவீங்க? திரும்ப அந்த ரோட்டுக்கா?

— அது பாவம். அவங்க ஆளுங்க யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனாத்தான் முறை. செத்த அன்னிக்கே பிட்சுவோட போய் அந்த இடத்துலேர்ந்து கூப்பிட்டிருக்கணுமே. ஏன் கூப்பிடலை?

— சவத்தை ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அவன் ஊரு யசோத்தோனுக்கு அனுப்பிட்டார் அப்பா. எந்த வளைவுன்னு அவங்க அம்மாவுக்கு யாரும் சரியாச் சொல்லலை.

— அப்ப அதுதான் வழி. இன்னிக்கு பௌர்ணமி. அவரோட அம்மா, புவாலை அக்கா வர்ற நாளு. பத்து மணி பஸ்ல வந்துருவாங்க. நல்லதாப் போச்சு, நானே விஷயத்தைச் சொல்றேன். பெத்தவ கையால அவுத்து, அவ மணிக்கட்டுல கட்டிக்கிட்டு, பேரு சொல்லிக் கூப்பிட்டா பின்னாடியே போயிருவாரு.

— வேண்டாம் அண்ணே. அவங்ககிட்ட சொல்லாதீங்க.

— ஏன்?

— இருக்கட்டும்னு தோணுது. இந்த மூணு நாளாத்தான் நான் இந்த ரூமுல தனியா இல்லை. அப்பா மாடியிலேர்ந்து இறங்கி வர்றதில்லை. நீங்க இருக்கீங்க, ஆனா நீங்க சம்பளத்துக்கு இருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க.

— கோவம் என்ன, உள்ளதுதானே. ஆனா தம்பி, சம்பளத்துக்கு இருக்கிறவன் லீவு நாள்ல வலை தூக்கிக்கிட்டு மலைக்குப் போக மாட்டான். அது கெடக்கட்டும். நீங்க வேண்டாங்கிறதுக்கு அது மட்டுமா காரணம்?

— வேற என்ன?

— இப்பத்தான் எனக்கு ஒண்ணு இடிக்குது. நான் படிக்காதவன்தான். ஆனா வண்டி ஓட்டுறவன் 'மெதுவாப் போ'ன்னு சொல்ல மாட்டானே. பக்கத்துல உக்காந்திருக்கிறவன்தானே சொல்லுவான்?

— கதவைச் சாத்துங்க.

— சாத்தித்தான் இருக்கு.

— நான்தான் ஓட்டினேன்.

— ம்.

— மழை. எனக்கு வெளிச்சம் போறதுக்குள்ள மலை அடிவாரத்துல ஒரு காட்சி எடுக்கணும். அவன் சொல்லிக்கிட்டே வந்தான். முதல்ல தமாஷாச் சொன்னான், அப்புறம் கெஞ்சினான். உனக்குப் பயமா இருந்தா கண்ணை மூடிக்கன்னு சொன்னேன். ரெண்டு பேரும் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வெளிய விழுந்தோம். யாரு எந்தப் பக்கம் இருந்தாங்கன்னு பாத்தவங்களுக்குத் தெரியாது.

— போலீஸ்ல அவரு ஓட்டினதா எழுதியிருக்குன்னு சமையக்காரம்மா சொன்னாங்களே.

— நான் மயக்கத்துல கிடந்தப்ப அப்பா சொன்ன வாக்குமூலம் அது. கண்ணு முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. என் காதுகிட்ட குனிஞ்சு, செத்தவனை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்கன்னார். நான் தலையாட்டினேன். அப்ப எனக்குக் கழுத்துக்கு மேல மட்டும்தான் அசையும் அண்ணே. அந்த அசைவை வச்சு நான் செஞ்ச முதல் வேலை அது.

— தம்பி...

— அதுக்கு அப்புறம்தான் சாயனோட அம்மா வந்தாங்க. என் புள்ளை உங்க புள்ளையை இப்படிப் பண்ணிட்டானேன்னு அப்பா கால்ல விழுந்தாங்க. நான் இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்தேன். மாசா மாசம் வர்றாங்க, ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து. காய வச்ச மீனும் ஒட்டரிசிச் சோறும் கொண்டாந்து வச்சுட்டு, கும்பிட்டுட்டுப் போறாங்க. ஒரு நாள் அதுல ஒரு வாய் நான் சாப்பிட்டதில்லை. முடியலை.

— எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் தின்னவன் நான்தானே.

— இப்பச் சொல்லுங்க. அவங்களைக் கூப்பிட்டு இந்தக் கயிறை அவுக்கச் சொல்லணுமா?

— அதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. உங்களை வச்சுக்கிட்டுச் சொல்லக் கூடாதுதான். சும்மா பேரு சொல்லிக் கூப்பிட்டா வராது. எங்க உக்காந்திருந்தே, எப்படி விழுந்தே, எங்கேர்ந்து எந்திரிச்சு வான்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் கூப்பிடணும். உள்ளதைச் சொல்லணும். இடம் மாத்திச் சொன்னா, நம்மளைக் கூப்பிடலைன்னு அது அங்கயே நின்னுரும். அவங்களுக்கு அது தெரியாது. உங்களைத்தான் கேப்பாங்க.

— அப்ப அவுக்க வேண்டாம்.

— நீங்க செத்துப் போவீங்க தம்பி.

— போறேன்.

— ஜம்பமாச் சொல்லிட்டீங்க. நாளைக்கு உங்களுக்கு வலிக்காது, அந்தப் பையன் நிலைமை? ரோட்டுலயும் இல்லை, வீட்டுலயும் இல்லை. பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்த வீட்டுல பொய் சொன்ன உடம்போட கெடந்து வெந்துக்கிட்டிருப்பாரா? என் தப்பு பாதி இருக்கு இதுல, அதனால பேசுறேன்... வாசல் மணி அடிக்குது. அவங்கதான்.

— அப்பாகிட்ட சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.

— நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத்தான் வாய் இருக்கே. நான் கேட்டைத் தொறக்கப் போறேன்.

— அண்ணே. பிரயூன் அண்ணே.

— வாங்க அக்கா. பாத்து, படி வழுக்கும். கூடையைக் கொடுங்க நான் வாங்கிக்கிறேன். கேட்லேர்ந்து வர்றப்ப கயிறைப் பத்தி நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா? தெரியாமச் செஞ்சுட்டேன் அக்கா, நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்.

— புரிஞ்சுது பிரயூனு. நீ அழாதே, தள்ளி நில்லு. சோறு தின்னியா சாமி? மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கே.

— தின்னேம்மா.

— பொய்யி. உதடு காஞ்சிருக்கு. அந்தக் கையைக் கொடு பாப்போம். எந்தக் கை? இதுவா. என்ன சூடு... சட்டை எங்க?

— இங்க இருக்கு அக்கா. தலையணைக்கு அடியில வச்சேன்.

— ஆமா, என் புள்ளையோடதுதான். இந்த வெள்ளைப் பட்டன் நான் வச்சுத் தச்சது. வேற ஒண்ணு கிடைக்கலை அன்னிக்கு. நல்லாவா இருக்கும்மான்னு திட்டிக்கிட்டே போட்டுக்கிட்டான். சாயா. இங்கயா வந்து உக்காந்திருக்கே? பெரிய எடத்துப் புள்ளை பக்கத்துல மெத்தையில. அம்மா வந்துட்டேன். வீட்டுக்குப் போகலாம்.

— அக்கா, மெத்தை...

— நானும் பாத்தேன். சத்தம் போடாதே. சாமி, இப்ப நான் கூப்பிடப் போறேன். அவன் வண்டியில எங்க உக்காந்திருந்தான், எப்படி விழுந்தான், நீ சொல்லு. நீ சொல்லச் சொல்ல நான் கூப்பிடுறேன்.

— அம்மா, எனக்கு... எனக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம் இல்லைம்மா.

— அதான் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அக்கா. தம்பிக்குக் காய்ச்சல், விட்டுருங்க, நானே சொல்றேன். வலது பக்கம், ஸ்டியரிங்குக்கு முன்னாடி—

— உன்னைக் கேக்கலை பிரயூனு.

— சரி அக்கா.

— நான் காத்திருக்கேன் சாமி. நாலு மணி பஸ்ஸுக்குத்தான் திரும்பிப் போகணும். நேரம் இருக்கு.

— இடது பக்கம்.

— சத்தமாச் சொல்லு. அவனுக்குக் கேக்கணும்.

— இடது பக்கம் உக்காந்திருந்தான்மா. நான்தான் ஓட்டினேன். அவன் ஓட்டலை. அவன் ஒண்ணுமே பண்ணலை. நீங்க எங்க அப்பா கால்ல விழுந்தப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலை. பயமா இருந்தது. அதுக்கு அப்புறம் வெக்கமா இருந்தது. என்னை என்ன வேணா பண்ணுங்க. போலீஸ்ல சொல்றேன், அப்பா முன்னாடி சொல்றேன். அவனை மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க.

— சாயா, இடது பக்கத்துக் கதவைத் தொறந்துக்கிட்டு இறங்கு. புல்லுல கால் வை. ரோட்டைப் பாக்காதே, அம்மா குரலைப் பாரு... முடிச்சு இறுகிக் கெடக்கு. பிரயூனு, அந்த நுனியைப் பிடி. ஆங். வந்துருச்சு. இப்ப என் கையில சுத்து. மூணு முடிச்சு.

— கட்டிட்டேன் அக்கா.

— நீங்க ஒண்ணுமே சொல்லலையேம்மா. திட்டுங்க. அடிக்கக் கூட அடிங்க.

— என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரிஞ்சதுதானே.

— தெரியுமா?

— அவனுக்கு சைக்கிளை விட்டா ஒண்ணும் ஓட்டத் தெரியாது. மாமன் டிராக்டர்ல ஏத்தி உக்கார வச்சப்ப அழுதுக்கிட்டே இறங்கினவன். பெத்தவளுக்கு இது தெரியாதா?

— பின்ன ஏன் எங்க அப்பா கால்ல விழுந்தீங்க?

— விழலைன்னா இந்த வீட்டுக்குள்ள என்னை யாரு விடுவா?

— மாசா மாசம் வந்தது? மீனு, சோறு?

— நீ திங்கணும்னு. தின்னானான்னு கேட்டா, ஒரு பருக்கை விடாமத் தின்னாருன்னு இவன் சொல்வான். இவன் கன்னம்தான் மாசா மாசம் உப்பிக்கிட்டு வந்துச்சு. அது வேற கவலை எனக்கு.

— மன்னிச்சுக்கங்க அக்கா.

— எனக்குச் சோறு ஊட்ட உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்தது? அவனைக் கொன்னவன் நான்.

— உன் மேல இருக்கிற பாசம்னு நினைச்சுக்காதே சாமி. நீ செத்துரக் கூடாதுன்னுதான் வந்தேன். அவன் கூடக் கடைசியா இருந்தவன் நீ ஒருத்தன்தான், நீயும் போயிட்டா நான் யாரைப் போயிக் கேப்பேன்? பொய் சொல்லிக்கிட்டிருக்கிற வாயைக் கேட்டா அதுவும் பொய்யாத்தானே வரும், அதனாலதான் பதினாலு மாசமாக் கேக்கலை. இப்பக் கேக்குறேன், சொல்லு: என் புள்ளை உன்கிட்ட கடைசியா என்ன சொன்னான்?